அண்ணிக்குத் தெரியாமல்

சமூக நல மையத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வேலை. இலவச மளிகைப் பைக்காக நாலாவது வாரமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தாள் தையல்காரி. ஊருக்குப் புதியவள், அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். முகவரிச் சான்றுக்கு அண்ணனின் கையெழுத்து வேண்டும்.

"ஒரு கையெழுத்து வாங்க இத்தனை நாளாம்மா?"

"அண்ணன் போட்டுடுவாரு. அண்ணிக்குத் தெரிஞ்சா, 'உன்ன நாங்க பட்டினியா போட்டோம்?'னு ஒரு வார்த்தை வந்துடும். அப்புறம் அங்க இருக்க முடியாதுக்கா."

மைய ஊழியர் வீட்டை நேரில் பார்த்து எழுதினாலும் செல்லும். அன்று ஏற்கெனவே இரண்டு வீடுகளுக்கு ஏறி இறங்கியிருந்தேன், முழங்கால் கெஞ்சியது. இருந்தாலும் மாலையில் போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை.

அண்ணிதான் கதவைத் திறந்தாள். மையத்தின் தையல் வகுப்பு விஷயமாக வந்ததாகச் சொன்னேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டேன். தையல்காரி தலை நிமிரவே இல்லை.

கிளம்பும்போது அண்ணி என்னோடு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க எடத்துல மளிகைப் பை தர்றாங்களாமே. எங்களுக்குக் கிடைக்குமாக்கா? அவருக்கு மூணு மாசமா பாதி நாள்தான் வேலை. நாத்தனாருக்குத் தெரிய வேணாம். தன்னாலதான்னு நெனச்சுக்குவா."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து இன்னொரு படிவத்தை எடுத்தேன்.

"வீட்ல எத்தனை பேரு?"

"நாலு," என்றவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாத்தனாரையும் சேத்து அஞ்சுன்னு போடுங்க."