பசை எரிந்த வெளிச்சம்

அடி வாங்கிய உலோகம் எவ்வளவு சூடாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அக்காவின் வேலை. நீளக் குழாயில் காற்றை அடைத்து, குண்டை விட்டுத் தகட்டில் மோதவைப்பார்கள். கண் இமைப்பதற்குள் எல்லாம் தூள். அதற்குள் தகடு விடும் வெளிச்சத்தைக் கருவி பிடித்து நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுக்கும். அதை வைத்து அவள் சூட்டைக் கணக்குப் போடுவாள். தொடாமல் சொல்லும் சூட்டை எவன் நம்புவான்? அவளே முழுசாக நம்பியதில்லை. அதனால்தான் அந்த வேலைக்கு லாயக்கானவள்.

கருவி பார்க்கும் பக்கமாகத் தகட்டின் மேல் கண்ணாடி ஒட்டுவது அவள் தம்பி. தற்காலிக வேலை. ஆளைக் குறைக்க ஆய்வுக்கூடத் தலைவர் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று இருந்தது ஒரே ஒரு தகடு. டமார். திரையில் ஏழாயிரம் டிகிரி.

"கூட்டத்துல நான் அடிச்சுச் சொன்னேன்ல? அதே கணக்கு!" தலைவருக்கு வாயெல்லாம் பல்.

அக்கா திரையை உற்றுப் பார்த்தாள். கோடு எடுத்த எடுப்பில் எகிறி, பிறகு சரிந்துகொண்டே போயிருந்தது. உலோகம் அப்படிக் குதிக்காது. தம்பியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய், பசையை ஓரத்துல மட்டும்தானே வெச்சே?"

"நடுவுலயும் ஒரு பொட்டு வெச்சேன்க்கா."

"அறிவிருக்கா உனக்கு?"

"போன தடவை கண்ணாடி கழண்டுச்சுன்னு காய்ச்சி எடுத்தியே! நீ கத்தினா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

"கருவி பாக்கறதே நடுவுலதாண்டா. பசை பத்திக்கிட்டு எரிஞ்சிருக்கு. பின்னால இருந்த உலோகம் தெரியவே இல்ல."

"அவர்கிட்ட சொல்லிடாதே. என் சீட்டைக் கிழிச்சிடுவாரு. எல்லாம் தூளாப் போச்சு, யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான். சாட்சி கிடையாது. ஊரே நம்பத் தயாராக இருந்தது. அவளால்தான் முடியவில்லை. நேராகத் தலைவரிடம் போனாள்.

"சார், இது பசையோட சூடு. உலோகத்தோடது இல்ல."

அவர் முகம் சுருங்கியது. "நடுவுல பசை எப்படி வந்துச்சு?"

"நான் போட்ட சத்தத்துல பயந்து வெச்சுட்டான். தப்பு என்னோடது."

"இன்னொரு தகடு எப்போ வருமோ! யாராவது பதில் சொல்லியாகணும்."

"நான் சொல்றேன்."

சொன்னாள். கருவி வேறொருவர் கைக்குப் போனது. அவளைத் தகடு தேய்த்துக் கண்ணாடி ஒட்டும் அறைக்கு அனுப்பினார்கள். வேலை தப்பிய தம்பி அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருக்கா. இங்க நான்தான் சீனியர்."

"வாயை மூடிக்கிட்டு அந்தத் துணியைக் கொடு," என்றாள்.

ஏழாயிரம் அறிக்கையில் ஏறவில்லை. அதற்காக யாரும் அவளுக்கு நன்றி சொல்லவும் இல்லை.