நாளைய நட்சத்திரமும் இன்றைய எல்லையும்

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. மேசையின் தலைப்பக்கத்தில் தத்துவத்துறைத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் வெளியிலிருந்து வந்த இயற்பியல் தேர்வாளர், ஏடுகளை வெட்டித் தள்ளுவதால் பட்டப்பெயர் கத்தரி. எதிர்முனையில் ஆய்வேட்டை எழுதியவள். கதவோரம் அவள் அக்கா, அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவள். ஒருமுறை ஏடு திரும்பி வந்தாகிவிட்டது. இந்த முறையும் திரும்பினால் பட்டம் கிடையாது.

கத்தரி ஏட்டைத் தட்டினார். "தன்னந்தனியா, உள்ள எதுவும் விழாம, ஆதியிலிருந்து அந்தம் வரைக்கும் மாறாத கருந்துளை. வானத்துல இது எங்கம்மா இருக்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?"

"உதவாது சார். ஆனா ஏட்டுல எதை எடுத்தா எது சாயும்னு பாத்துக்கிட்டா, வானத்தைப் பத்தி எதைத் துணிஞ்சு சொல்லலாம்னு தெரியும்."

அதுதான் அவள் வேலைமுறை. கருந்துளையின் கணித மாதிரியில் உள்ள அனுமானங்களைச் சீட்டுக்கு ஒன்றாக எழுதி, ஒன்றை மட்டும் உருவிவிட்டு, மிச்சக் கணக்கு நிற்கிறதா என்று பார்ப்பாள்.

"எங்க, உருவிக் காட்டு."

'எதுவும் விழாது' என்ற சீட்டை எடுத்தாள். சொன்னால் அவருக்குச் சுடும். மழுப்பினால் ஏடே பொய்யாகிவிடும்.

"கருந்துளையோட விளிம்பு, அதான் நிகழ்வு எல்லை, அதுக்கு உள்ள போன ஒளி என்னைக்குமே வெளிய வராது. என்னைக்குமேன்னா எதிர்காலம் முழுக்க. நாளைக்கு ஒரு நட்சத்திரம் விழப்போகுதுன்னா, இன்னைக்கு வெளிய கிளம்புற ஒளியும் நாளைக்கு மாட்டிக்கும், எல்லை இன்னைக்கே வீங்க ஆரம்பிச்சிடும். அதனால இன்னைக்கு அதை யாரும் அளக்க முடியாது. மாதிரியில மட்டும் முடியும், அங்க நாளைக்குன்னு எதுவும் நடக்காதே!" மூச்சு வாங்கினாள். "உங்க கட்டுரையில 'எல்லையை அளந்துவிட்டோம்'னு ஒரு வரி இருக்கு சார். நீங்க அளந்தது அதுக்கு வெளிய ஒளி வளையுற இடத்தை."

"போச்சு," என்று அக்கா முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

கத்தரி பையிலிருந்து தன் கட்டுரையை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தார். மறுபடி படித்தார். பிறகு நாற்காலி ஆடச் சிரித்தார். "அச்சுக்கு முன்னால இதை நாலு பேர் சரிபாத்தாங்க தாயே! ஒருத்தன் கண்ணுலயும் படல. அப்போ என் கணக்கு மொத்தமும் காலியா?"

"இல்ல சார். அந்தச் சீட்டை உருவினாலும் கருந்துளையோட எடைக்கு நீங்க போட்ட கணக்கு அசையல. அந்த ஒரு வரிதான் சாஞ்சது."

"வேற கேள்வி உண்டா?" என்றார் தலைவர்.

"இனியும் கேட்டா எனக்குத்தான் அடி விழும்," என்றார் கத்தரி.

முடிவைத் தேர்வாளர் அங்கேயே கைப்பட எழுதவேண்டும் என்பது விதி. கத்தரி எழுதினார்: 'ஏற்கப்பட்டது. ஏட்டில் திருத்தம் ஏதுமில்லை. திருத்தம் என் கட்டுரைக்கு. அதை நானே அனுப்புகிறேன்.'

"வாடி டாக்டரம்மா!" அக்கா அவளைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள். தலைவர் முடிவுத் தாளை உறையிலிட்டு ஒட்டி, முத்திரை குத்தி, பதிவாளரிடம் கொடுக்கச் சொல்லி ஊழியரிடம் நீட்டினார்.