கமராவைப் பாக்காதேங்கோ!

எவ்லினின் எதிர்காலம் ஒரு வாய் புட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் படித்த அரசுப் பல்கலைக்கழகம் ஓர் ஊரளவு பெரியது. வானொலி தொலைக்காட்சித் துறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி செமஸ்டர் ஓடிவிட்டது. இரண்டாம் ஆண்டில் பேராசிரியர் வோகல்சாங் வைத்த பரீட்சையோ கேட்பதற்குச் சுண்டைக்காய். ஒரு குடும்பம் காலைச் சாப்பாடு சாப்பிடுவதை மூன்று நிமிடம் படமெடுக்க வேண்டும். நடிப்பு கூடாது. யாரும் கமராவைப் பார்க்கக் கூடாது. ஒரு கண் திரும்பினாலும் பெயில்!

முதல் தடவை பெயில்.

பின்னே? ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் வீட்டில் அவள் கமராவைத் தூக்கியதும் அம்மா பற்றிமா உள்ளே ஓடி, கூறைச் சேலையும் பதக்கச் சங்கிலியுமாகத் திரும்பி வந்தாள். அப்பா ஜேசுரட்ணம் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, புட்டை வாய்க்கு நேரே பிடித்தபடி, லென்ஸைப் பார்த்துச் சிரித்தார். மூன்று நிமிடமும் சிரித்தார். புட்டு உள்ளே போகவேயில்லை.

"அப்பா, சாப்பிடுங்கோவன்!"

"நீ எடுத்து முடி பிள்ளை. பிறகு சாப்பிடலாம்."

"கமராவைப் பாக்காதேங்கோ!"

"பாக்காட்டி கனடாவிலை கசற் பாக்கிற சனம் என்ன நினைக்கும்? ரட்ணம் ஆரோடையோ கோவம் எண்டெல்லோ கதைப்பினம்!"

அதுதான் சிக்கல். இங்குள்ள தமிழருக்குக் கமரா என்றால் கொண்டாட்டம். கொண்டாட்டம் என்றால் கனடா உறவுகளுக்கு வீடியோக் கசற். கசற்றில் முகம் திருப்பி நின்றவன் சண்டைக்காரன்.

இரண்டாவது தடவையும் பெயில் என்றால் துறையிலிருந்து வெளியே. அப்பா அதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். "பல் டொக்டரிட்டை அவுஸ்பில்டுங், வேலை பழகிற இடம், இருக்கு. வெள்ளைக் கோட்டும் தருவினமாம்."

வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதா? அந்த நொடியில்தான் எவ்லினின் மூளையில் பல்ப் எரிந்தது.

நேரே சிவகுருநாதனிடம் போனாள். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், கத்தோலிக்கப் பிள்ளைகளின் முதல் நன்மை, பூப்புனித நீராட்டு எல்லாவற்றுக்கும் அவர்தான் வீடியோ. தோளில் பீரங்கி மாதிரி கமரா, அதன் தலையில் சூரியன் மாதிரி லைட்.

"மாமா, எங்கட வீட்டை வந்து எடுக்கவேணும். ஆனா கசற் போடக்கூடாது."

சிவகுருநாதன் நெஞ்சில் கை வைத்தார். "கசற் இல்லாமலோ? என்ன பிள்ளை விசர்க்கதை? எனக்குக் கை நடுங்கும்!"

"எல்லாரும் உங்களைப் பாப்பினம். நான் குசினிக்குள்ளை ஒளிச்சு நிண்டு எடுப்பன். என்ரை படிப்பு உங்கட கையிலை, மாமா."

அவர் கண் கலங்கச் சம்மதித்தார்.

திட்டம் வேலை செய்தது. அளவுக்கு மிஞ்சி வேலை செய்தது! லைட் எரிந்ததைக் கண்டு மேல்மாடிக்காரர் பட்டுச்சேலையில் இறங்கினார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து யாரோ பூங்கொத்தோடு வந்தார்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி வரிசை நின்றது. கையில் புட்டு, உதட்டில் புன்னகை, கண்ணெல்லாம் சிவகுருநாதன் மேல். சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்த எவ்லினை ஓர் ஈ, எறும்புகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

படத்தைப் பார்த்த வோகல்சாங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"யாரும் கமராவைப் பார்க்கவில்லை. அற்புதம். ஆனால் இவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? கடவுளையா?" அவர் குரல் சட்டென்று மாறியது. "அல்லது நடிகர்களா? நடிப்பு என்றால் பெயில், தெரியும்தானே? ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன்."

ஞாயிறு வந்தது. எவ்லின் வீட்டில் ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சினாள். "சும்மா இருங்கோ. சாதாரணமா இருங்கோ."

"ஓம், ஓம்," என்றார் ஜேசுரட்ணம், டையை இறுக்கியபடி. "புரொபெசர் வாறார். கேக் வாங்கியிருக்கிறன்."

மணி அடித்தது. வாசலில் வோகல்சாங். அவர் ஒரு கால் உள்ளே வைத்ததுதான் தாமதம், பளீர்! அறை முழுக்க வெளிச்சம். கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் சிவகுருநாதன், தோளில் பீரங்கியோடு!

"மாமா! உங்களை ஆர் கூப்பிட்டது?"

"உன்ரை கொப்பா, ரட்ணமண்ணைதான். அண்டைக்குக் கசற் போடாமல் எடுத்ததிலை இருந்து எனக்கு நித்திரை இல்லைப் பிள்ளை. இண்டைக்குப் போட்டிருக்கிறன்."

வோகல்சாங்கின் முகம் சிவந்தது. "ஓ! இரண்டாவது கமரா! அப்படியானால் அந்தப் படம் முழுக்க..."

எவ்லின் கண்ணை மூடிக்கொண்டாள். பல், பல், பல் என்று கண்ணுக்குள் வரிசையாக ஓடியது.

"சேர், வாயைத் திறவுங்கோ," என்றார் ஜேசுரட்ணம், ஒரு துண்டு கேக்கை நீட்டி.

"ரட்ணமண்ணை, அப்பிடியே நில்லுங்கோ! சேரை இஞ்சாலை பாக்கச் சொல்லுங்கோ!" சிவகுருநாதன் லைட்டைத் திருப்பினார்.

திட்டுச் சத்தம் வரவில்லையே? எவ்லின் ஒரு கண்ணைத் திறந்தாள்.

வோகல்சாங்கின் கை தானாகக் கழுத்துப்பட்டிக்குப் போய்ச் சரிசெய்தது. வயிறு உள்ளே போனது. முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது. வாய் திறந்தபடி, கேக் உதட்டில் தொட்டபடி, லென்ஸைப் பார்த்துக்கொண்டு மனிதர் சிலையாக நின்றார். ஜேசுரட்ணமும் நின்றார். பற்றிமா ஓடிவந்து மற்றப் பக்கத்தில் நின்றாள். லைட் அணையும்வரை ஒருவரும் மூச்சு விடவில்லை.

கேக்கை விழுங்கிய பேராசிரியர் உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"எவ்லின், நான் இப்போது நடித்தேனா?"

"இல்லை, சேர்."

"இல்லைத்தான். அது தானாக வந்தது." பெருமூச்சு விட்டார். "அப்படியானால் அவர்களும் நடிக்கவில்லை. நீ பாஸ்."

வாசல்வரை போன வோகல்சாங் திரும்பி வந்து, எவ்லினின் காதோரம் குனிந்தார்.

"இன்று எடுத்ததில் எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா? அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்."

அவள் அதைத் தமிழில் சொன்னதும் சிவகுருநாதன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"குடுக்கலாம். சேரைக் கேள் பிள்ளை, படத்திலை அவருக்குப் பின்னாலை அன்னப்பறவை விடவோ, நயாகரா விடவோ?"