செவ்வாய் ஒரு மணி வகுப்பு

ஞானசுந்தரம் தன் தங்கையின் மரண அறிவித்தலை இரண்டாம் முறையும் வாசித்து, மூன்றாம் வரியிலிருந்த ‘ஆங்கில ஆசிரியை’ என்ற இரண்டு சொற்களையும் சிவப்புப் பேனாவால் வெட்டினார். வெட்டியது போதாதென்று மேலே இன்னொரு கோடும் இழுத்தார். முப்பத்தொரு வருடம் படிப்பித்து அதிபராக ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகியும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் வெளியே இறங்கமாட்டார்.

“இது சரிவராது” என்றார். “ட்ரெயினிங் கொலிஜ் வாசலை மிதிக்காத ஆளுக்கு ஆசிரியை எண்டு போட்டால் ஊரில வாசிக்கிற சனம் சிரிக்கும். எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேக்கும். நான் என்ன பதில் சொல்லுறது?”

மேசைக்கு எதிர்ப்பக்கம் பேரின்பநாதன் இருந்தார். இறந்துபோன புஷ்பவதியின் கணவர். ஞாயிறு காலை குளியலறையில் விழுந்தவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமுதலே முடிந்துவிட்டாள். இன்றைக்குச் செவ்வாய். இந்த இரண்டு நாளும் மொன்றியல் பியர்பொன்ட்ஸில் அவர்களுடைய சின்ன வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் ஓர் ஆலோசனையும் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டையாவது ஃபிரிட்ஜில் வைக்கலாம். மைத்துனர் ரொறன்ரோவிலிருந்து ஆலோசனையை மட்டும் கொண்டுவந்திருந்தார்.

“தாட்சாயினிதான் எழுதினவ” என்றார் பேரின்பநாதன். மகள் தாட்சாயினி, அம்மாவுக்கு உடுத்தவேண்டிய சேலையைக் கொடுக்க, உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போயிருந்தாள்.

“பிள்ளைக்கு என்ன தெரியும், மச்சான்? அவ செய்த வேலை தையல் பக்டரி, பிள்ளை பாக்கிற கார்டெரியில சமையல் எண்டு போட்டாலும் வடிவில்லை. ஒண்டும் போடாமல் விடுவம். ரெண்டு மணிக்கு அறிவித்தல் போடுற பெடியன் எடுப்பான். வாசிச்சுக் குடுத்தால் அலுவல் முடிஞ்சுது.”

பேரின்பநாதன் ‘ஓம்’ என்றுதான் சொல்லியிருப்பார். முப்பத்துநாலு வருடமாக மைத்துனருக்குச் சொல்லிப் பழகிய சொல் அது. அதோடு இந்த விஷயத்தில் அவரும் பெரிய யோக்கியரில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மனைவி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், “அது சும்மா பொழுதுபோக்கு, சுவீடன்காரக் கிழடுகளோட இங்கிலீசில கதைக்கிறா” என்று சிரித்திருக்கிறார், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

புஷ்பவதி கலியாணத்துக்கு முதல் ஐந்து வருடம் சுவீடனில் அகதியாக இருந்தவள். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கேதான் அந்த மொழி படிந்தது. மொன்றியலுக்கு வந்தபின் அதைக் கதைக்க ஆளில்லாமல் கிடந்தது. நாலு வருடத்துக்கு முன்னர், அதே சமையலறையில் அவளோடு பாத்திரம் கழுவிய பிர்கித்தா ஒருநாள் தொலைபேசியில் அழுதாள். பேரப்பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில் வளர்கிறார்கள், ஆங்கிலம் மட்டும்தான் தெரியும், அவர்களோடு எப்படிக் கதைப்பேன் என்றாள். புஷ்பவதியின் ஆங்கிலம் திருகோணமலைக் கன்னியர்மடத்து ஆங்கிலம், ஒரு பிசகு இருக்காது. சுவீடிஷில் விளக்கி, ஆங்கிலத்தில் கதைக்கவைத்தாள். ஒருத்தி ஐந்து பேரானார்கள். ஒவ்வொரு செவ்வாயும் கணினி வழியே வகுப்பு, இங்கே பகல் ஒரு மணி, அங்கே இரவு ஏழு. வீட்டுப்பாடமும் உண்டு. செய்யாமல் வந்தவர் அன்றைக்கு முழுக்கக் கதைத்தே கடனைத் தீர்க்கவேண்டும். அந்த ஒரு மணித்தியாலம் மிக்சி போடக்கூடாது, வக்யூம் பிடிக்கக்கூடாது, பேரின்பநாதனுக்குத் தும்மல் வந்தால் மாடிக்குப் போய்த் தும்மவேண்டும்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, மேசையில் கிடந்த புஷ்பவதியின் கைப்பேசி அதிர்ந்தது. பிறகு இன்னொரு தடவை. பிர்கித்தாவின் பெயர் தெரிந்தது.

“ஆர்?” என்றார் ஞானசுந்தரம்.

“அவவின்ர வகுப்புக்காரர். அவைக்கு இன்னும் தெரியாது.”

“விடும். பேந்து பிள்ளை ஒரு மெசேஜ் போடுவா.”

பேரின்பநாதன் எழும்பினார். ஏன் எழும்பினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆக்களைக் காக்கவைப்பது அவளுக்குப் பிடிக்காது என்பது மட்டும் தெரியும். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, கணினியில் அவள் அழுத்தும் நீலப் பொத்தானை அழுத்தினார். ஐந்து முகங்கள் சிரித்துக்கொண்டு வந்தன. அவரைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

அவருடைய ஆங்கிலம் ஜான்-டலோன் சந்தையில் இருபது வருடம் மரக்கறி விற்ற ஆங்கிலம். பாதி பிரெஞ்சு, மிச்சம் கை. புஷ்பா இறந்துவிட்டாள், ஞாயிறு காலை, இருதயம் என்று அந்த ஆங்கிலத்தில் சொன்னார். பிர்கித்தா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒருவரும் போகவில்லை. எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு ஸ்தூரே என்ற கிழவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், தான் வீட்டுப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். அதைச் சொல்லாமல் போனால் புஷ்பாவுக்குப் பிடிக்காது என்றார்.

என்ன வீட்டுப்பாடம் என்று பேரின்பநாதன் கேட்டார். நாலு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். பிர்கித்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். இந்தக் கிழமை யாராவது ஒருவருக்கு முடியாது என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்கக்கூடாது, நொண்டிச்சாட்டுகளும் அடுக்கக்கூடாது. பிறகு வந்து நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும்.

ஸ்தூரேயின் மகன் தன் மூன்று நாய்களையும் நத்தார்ப் பண்டிகை முடியும்வரை தகப்பனிடம் விட்டுப்போகக் கேட்டானாம். முடியாது என்றாராம். கதையின் நடுவில், பழக்கதோஷத்தில், ‘சொறி’ என்ற மன்னிப்புச் சொல் ஒன்று வழுக்கி வந்துவிட்டது. ஸ்தூரே நிறுத்தினார். எல்லோரும் திரையில் புஷ்பவதி இருக்கும் இடத்தைப் பார்த்தார்கள். அங்கே பேரின்பநாதன் இருந்தார். சுவருக்கு மறுபக்கத்திலிருந்து நாலு வருடமாகக் கேட்ட ஆங்கிலச் சொல் அவருடைய வாயில் வந்தது.

“எகேன்” என்றார்.

கிழவர் கண்ணைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

ஐந்து பேரும் சொல்லிமுடிக்க நாற்பது நிமிடம் போனது. பிர்கித்தா கடைசியாகச் சொன்னாள். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போ என்று மகள் சொல்கிறாள். முடியாது என்றேன். மூன்று நாளாக மகள் எடுக்கவில்லை. அவ்வளவுதான் அவளுடைய கதை. அதை முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். புஷ்பா முந்தி எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள்? தாங்கள் கேட்கும்போதெல்லாம் ‘இந்தப் பள்ளிக்கூடத்தில்தான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாளாம்.

பேரின்பநாதன் தெரியாது என்று தலையாட்டினார். அது பொய். கணினியை மூடிவிட்டு அவளுடைய கதிரையிலேயே இருந்தார். எண்பத்தோராம் ஆண்டு புஷ்பவதிக்கு ஆசிரிய கலாசாலையிலிருந்து தெரிவுக் கடிதம் வந்தது. அதே கிழமை அண்ணனுக்கும் வந்தது. நாடு இருக்கிற நிலையில் பெட்டை தனியப் போய்த் தங்கிப் படிக்க ஏலாது என்று தகப்பனை மடக்கி, வரமுடியாதென்று அவள் பெயரில் பதிலும் எழுதிப் போட்டவர் அண்ணன். இதைப் புஷ்பவதி ஒரேயொரு தடவை சொல்லியிருக்கிறாள், கலியாணமான புதிதில், வெங்காயம் உரித்துக்கொண்டு. ‘உனக்கு எப்படி இருந்தது’ என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். மைத்துனர் மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேல் வந்தது. மிச்சப் பாதியே போதுமானதாக இருந்தது.

அவர் சாப்பாட்டறைக்கு வந்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. தாட்சாயினி வந்து வாசலில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தாள். மேசையில் தொலைபேசி, ஒலிபெருக்கியில். ஞானசுந்தரம் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

“...மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட திருமதி புஷ்பவதி பேரின்பநாதன் அவர்கள்...”

“தம்பி, திருமதிக்கு முதல் ஆங்கில ஆசிரியை எண்டு போடுங்கோ” என்றார் பேரின்பநாதன்.

“அது வெட்டியாச்சு, மச்சான்.”

“வெட்டினது நீங்கள்.”

ஞானசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பள்ளிக்கூடமே மூச்சுவிடாது என்பது அவரே பலதடவை சொன்ன கதை.

“உமக்கு மனம் சரியில்லை, எனக்கு விளங்குது. ஆனால் படிச்சு, சோதினை எழுதி, நியமனம் எடுத்தவைக்குத்தான் அந்தப் பேர். அவவுக்குத் தகுதி இருந்தால் நான் ஏன் மறிக்கிறன்?”

“எண்பத்தொண்டில கடிதம் வந்ததே.”

தாட்சாயினி ஒரு காலில் பூட்ஸோடு அப்படியே நின்றாள். அவளுக்கு இது புதுச் செய்தி.

“அப்ப நாடு இருந்த நிலைமை உமக்குத் தெரியாதே?” என்றார் ஞானசுந்தரம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“தெரியும். அதே நாட்டிலதான் அதே வருசம் நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்ப் படிச்சனீங்கள்.”

தொலைபேசியில் பெடியன் ஒருதடவை செருமினான். ஞானசுந்தரம் கடதாசியை இரண்டாக மடித்தார்.

“சரி. உம்முடைய மனிசி, உம்முடைய விருப்பம். ஆனால் அந்தச் சொல் வருமெண்டால் அதில என்ர பேர் வரக்கூடாது. என்னைத் தெரிஞ்ச ஆக்கள் வாசிக்கிறது.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். முப்பத்துநாலு வருடத்து ‘ஓம்’ இன்னும் கொஞ்சத்தில் வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு காத்திருந்தார்.

பேரின்பநாதன் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

“தம்பி, ‘அன்புச் சகோதரர் ஞானசுந்தரம், ரொறன்ரோ’ எண்டு ஒரு வரி வரும். அதை எடுத்துவிடுங்கோ.”

“ஐயா, கூடப்பிறந்த சகோதரம்...”

“ஓம், கூடப்பிறந்ததுதான். எடுங்கோ. அந்த இடத்தில ஐஞ்சு பேர் வருகினம். அன்பு மாணவர்கள் எண்டு போட்டு எழுதுங்கோ. ஆறுதலாச் சொல்லுறன். பிர்கித்தா, ஸ்தூரே, குனில்லா, மைபிரித், ஷெல். எல்லாரும் சுவீடன்.”

பெடியன் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னான். ஞானசுந்தரம் எழும்பிப் போய்க் கோட்டை எடுத்தார். போடவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். இரு என்றும் ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அப்போது புஷ்பவதியின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. பிர்கித்தா எப்போதோ வகுப்பின் நடுவில் திரையிலிருந்து பிடித்து வைத்திருந்தது. தாட்சாயினி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தகப்பனுக்குக் காட்டினாள். பேரின்பநாதன் அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, அறிவித்தலுக்கு இதை அனுப்பச் சொன்னார். அவள் அனுப்பினாள்.

“ஐயா, படம் கிடைச்சது” என்றான் பெடியன். “ஆனால் இதில அம்மா கமெராவைப் பாக்கேல்ல. காதில ஹெட்போன் சரிஞ்சு கிடக்கு, வாய் திறந்திருக்கு, விரலையும் தூக்கிப் பிடிச்சிருக்கிறா. காலமை அனுப்பின சேலை கட்டின படம் நல்ல வடிவு. அதைப் போடட்டே?”

“வேண்டாம் தம்பி” என்றார் பேரின்பநாதன். “அவ படிப்பிச்சுக்கொண்டிருக்கிறா. இதையே போடுங்கோ.”