பாவு போட்ட தெருவில் நீல வேன்

என் வீட்டுக்காரர் செய்த குற்றம், ஒரு நாள் காலையில் ஒரு வேனை அணைத்ததுதான். திருடவில்லை, குடிக்கவில்லை, யார் மேலும் ஏற்றவில்லை. அணைத்தார். அதற்குப் பதினெட்டு வருஷ வேலை போனது.

ஆரணியில் ஜெகநாதன் முதலாளியின் நீல வேனை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். முள்ளிப்பட்டில் எங்கள் வீடு உட்பட நாற்பது வீட்டுத் தறிகளுக்குப் பட்டு கொண்டுவந்து கொடுத்து, நெய்த சேலைகளை எடுத்துப் போகும் வேன் அது. வாங்கும்போதே பழசு. எண்பத்தொன்று தை மாசத்தில் முதலாளி காட்பாடிக்கு ரயில் பிடிக்கப் புறப்பட்டார். அவர் தெருவிலேயே பொன்னியம்மாள் வீட்டார் பாவு போட்டிருந்தார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்துகொண்டிருந்தார்கள். ஈரக் கஞ்சியில் புகையும் புழுதியும் ஒட்டினால் பாவு பாழ். அதனால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் பாவைப் பார்த்ததும் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

"ஆரன் அடிடா. பாவைத் தூக்கிகினு ஓரமா போவட்டும்" என்றார் முதலாளி.

"ஈரமா கீதுங்க. அரை மணி பொறுத்துக்கங்க" என்று சொல்லி இவர் சாவியைத் திருப்பி அணைத்தார்.

ரயில் போய்விட்டது. இத்தனைக்கும் அந்தப் பாவு முதலாளி கொடுத்த பட்டு. கெட்டிருந்தால் அவர் பொருள்தான் கெட்டிருக்கும். ஆனால் தெருவே பார்க்க ஒரு டிரைவர் தன் பேச்சைத் தட்டிவிட்டான் என்பது அவருக்குத் தாங்கவில்லை. "இனிமே இந்தத் தெருவுல நீ ஸ்டீரிங் புடிச்சிகினு வந்துடு, பாக்கலாம்" என்று அங்கேயே சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

அடுத்த மாசம் புது வேன் வந்தது. ஓடிக்கொண்டிருந்த பழையதைக் காயலாங்கடைக்குத் தள்ளிவிட்டார். வாங்கி ஓட்ட ஆள் இருந்தும் தரவில்லை. அது உடைந்தால்தான் அவர் வயிற்றெரிச்சல் தீரும்! வேறு எந்த முதலாளியும் இவரைச் சேர்க்காதபடி சொல்லியும் வைத்தார். இவர் வேலை போன அன்றைக்கே நான் முதலாளியின் பட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெசவாளர் சொசைட்டிக்கு நெய்யப் போனேன். இவர் என் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். அப்படியே இரண்டு வருஷம் போனது. ரோட்டில் வேன் சத்தம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் களம்பூர் அரிசி மில்லில் வேலை செய்யும் என் தம்பி சின்னப்பையன் வந்து, "அக்கா, மாமா வண்டிய இந்த வாரம் வெட்டப் போறாங்களாம்" என்றான். தறியிலிருந்து எழுந்தவள் நேராகக் காயலாங்கடைக்குப் போனேன். இரண்டு மழைக்காலம் தின்றது போக மிச்சம் இருந்தது. அடித்தகடு முழுக்க ஓட்டை. நீலம் எங்கே, துரு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஆனால் யாரும் வெட்டிக்கொண்டிருக்கவில்லை. கட்டர் பிடிக்கும் ஆட்கள் பீடி குடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் ஜினசந்திர நயினார், ஜைனர். ஈ எறும்பு மிதிபடாமல் நடப்பவர். பானெட்டைத் தூக்கிக் காட்டினார். எஞ்சின் மேல் தேங்காய் நாரும் பஞ்சுமாக ஒரு கூடு. உள்ளே மூன்று அணில் குட்டிகள்.

"இன்னும் கண்ணே திறக்கலம்மா. இதுங்க ஓடற வரைக்கும் என் கடையில இந்த வண்டி மேல நெருப்பு படாது."

"அணிலுக்குக் காட்டின தயவை எனக்கும் காட்டுங்க. வண்டிய எனக்குக் குடுத்துடுங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்கு இது இரும்பு. இதே எடைக்கு வேற இரும்பு கொண்டா, எடுத்துகினு போ" என்றார்.

இரும்புக்கு எங்கே போவது? சின்னப்பையனுடைய மில்லுக்குப் பின்னால் ஒரு பழைய பாய்லரும் புகைபோக்கியும் சாய்ந்து, முள்புதரில் பல வருஷமாகக் கிடந்தன. இடம் காலியானால் போதும் என்றார் மில்காரர். நானும் தம்பியும் முள்ளை வெட்டி, கழற்றிக் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றினோம். என் கையில் தோல் இல்லை. கடைசி நடை போய்ச் சேர்ந்த வாரம்தான் அணில் குட்டிகளும் வேப்பமரத்துக்கு ஏறின.

மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். தெருவே சிரித்தது. "தேவகி கோழி அடைக்கப் பெட்டி வாங்கிகினு வந்துக்கீறா" என்றார்கள். இவர் வெளியே வந்து ஒரு பார்வை பார்த்தார்.

"செத்துப் போனதைத் தூக்கிகினு வந்து வாசல்ல போட்டுக்கீறியே."

"செத்தது அது இல்ல, நீங்க" என்றேன். சொன்னது அதிகம்தான். ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை.

இவர் தொடவே இல்லை. நானே செங்கல் துண்டும் மண்ணெண்ணெயும் வைத்துத் துருவைத் தேய்த்தேன். பத்து நாள் தேய்த்துவிட்டு, எஞ்சினில் ஒரு நட்டைக் கழற்ற ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு திருகினேன். உள்ளேயிருந்து கத்தல் வந்தது.

"அய்யோ, அது இறுக்குற பக்கம்! மரை போயிடும், கைய எடு!"

தார் சுற்றும் ராட்டையைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். ஸ்பேனரைப் பிடுங்கினார். நான் உள்ளே போய்க் காபி போட்டேன். அன்றிலிருந்து எட்டு மாசம் அவரை அந்த வண்டிக்கடியிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவதே எனக்குப் பேஜாராகிவிட்டது. ஓட்டை அடித்தகட்டுக்கு எண்ணெய் டின்களைப் பிரித்து ஒட்டுப்போட்டு, மேலே பழைய தறிப் பலகைகளைப் பாவினார். ஒழுகிய ரேடியேட்டரை நாலு தடவை பற்றவைத்தார். பழைய நீலமே அடித்தோம். ரோட்டில் ஓட்டலாம் என்று எப்.சி.யும் வாங்கினோம்.

சாவி போட்டதும் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. வேலூர்ப் பழைய சாமான் கடைகளில் அந்தக் காலத்து வண்டிக்கு ஏற்றது இல்லை. முன்னால் விட்டுச் சுற்றும் ஹேண்டிலும் காயலாங்கடையிலேயே தொலைந்திருந்தது. எங்கள் வீட்டு மேட்டிலிருந்து உருட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும். சமதரையில் நின்றால் பத்து பேர் தள்ள வேண்டும்.

எண்பத்துநான்கு ஆடி முதல் வெள்ளி. படவேட்டு அம்மன் கோயிலுக்குப் பஸ் கம்மி என்பதால் எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் பொங்கல் பானையோடு ஏறிக்கொண்டார்கள். பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். படவேட்டுக்குப் போக ஜெகநாதன் முதலாளியின் தெரு வழியாகப் போக வேண்டியதே இல்லை. அது தெரிந்துதான் போகச் சொன்னேன்.

தெருவில் திரும்பியதும் பார்த்தேன். பாவு போட்டிருந்தது. அதே பொன்னியம்மாள் வீட்டுப் பாவு.

"அணைக்காதீங்க. அணைச்சா இங்க தெரு மட்டமா கீது, கிளம்பாது. பின்னால எடுத்துடுங்க" என்றேன்.

"புகை ஈரத்துல படும்" என்றார். அணைத்தார்.

முதலாளி துண்டோடு வாசலுக்கு வந்தார். "இன்னாடா மாணிக்கம், காயலாங்கடையே எழுந்து வந்துக்கீது?" என்றார். இவர் பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆகிப் பாவைச் சுருட்டினார்கள். அத்தனை நேரமும் முதலாளி உள்ளே போகவே இல்லை.

"வழி விட்டாச்சு இல்ல? இப்ப எடுடா பாக்கலாம்!"

நாங்கள் ஒன்பது பேரும் இறங்கித் தள்ளினோம். கிழவிகள் மூச்சு வாங்கினார்கள். வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. "தள்ளுங்க, படவேடு வரைக்கும் தள்ளுங்க" என்று முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். அழுதால் அவருக்குக் கொண்டாட்டம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது பொன்னியம்மாள் கஞ்சிக் கையோடு வேனுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"பொன்னியம்மா, அதுல கைய வெச்சே, நாளையிலிருந்து உன் வீட்டுக்குப் பட்டு கிடையாது" என்றார் முதலாளி. சிரிப்பு போயிருந்தது.

"உங்க பட்டு வேணாங்க" என்றாள் அவள், மரியாதையாகவே. இரண்டு கையையும் நீலக் கதவில் பதித்தாள்.

அவள் புருஷன் பொன்னுசாமி வந்தார். அவர் தம்பி வந்தார். பாவு பிடித்த அத்தனை பேரும், கையைக் கழுவாமலே வந்தார்கள். வண்டி உருண்டது, இருமியது, பிடித்துக்கொண்டது. புகை மொத்தமும் முதலாளியின் வாசலுக்குள் போனது.

பதினெட்டு வருஷம் ஓட்டியும் அந்தத் தெருவில் ஆரன் அடிக்காத மனுஷன், அந்த வாசலுக்கு நேராக ஆரனை அழுத்தினார். தெருக்கோடி வரைக்கும் கையை எடுக்கவில்லை.

படவேட்டில் இறங்கிப் பார்த்தபோது கதவில் கஞ்சி காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கைகள். இவர் துணியை எடுத்தார். பிடுங்கிக்கொண்டேன்.

"மழை வந்தா தானா போயிடும்டி" என்றார்.

போகவிடுவேனா? மறுநாளே வெள்ளை பெயிண்ட் வாங்கி, ஒவ்வொரு கையையும் அதே இடத்தில், அதே அளவில் வரைந்தேன். பதினாலு கை. சொன்னபடியே முதலாளி பொன்னியம்மாளுக்குப் பட்டை நிறுத்தினார். அவளை எங்கள் வேனிலேயே சொசைட்டிக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தோம்.

இப்போதும் வாரம் ஒரு தடவை அந்தத் தெரு வழியாகத்தான் போகிறோம். பாவு போட்டிருந்தால் அணைத்துவிட்டு நிற்கிறோம். போடாத நாளில் ஆரன் அடிக்கிறோம்.