ராயபுரத்து இரும்பு பேசிய வருஷங்கள்

1931-ம் வருஷம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இருந்த இரும்பெல்லாம் பேச ஆரம்பித்தது. முதலில் பேசியது டிராம் தண்டவாளம். பிறகு துறைமுகத்து நங்கூரச் சங்கிலி, மீன்காரிகளின் அரிவாள்மணை, மூலக்கொத்தளத்துக் கல்லறைகளைச் சுற்றியிருந்த வேலிக்கம்பி, புளியந்தோப்புக் கசாப்புக் கடைக் கொக்கி எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே பெண்குரலில் பேசின. "ராயபுரம் அந்திரேயர் கல்லூரி மாணவர் ரேடியோ. இன்று மாலை கடல் ஏறும். தெற்கத்திக் காற்று. வண்ணாரப்பேட்டையில் நெற்றிச் சுட்டி உள்ள கன்றுக்குட்டி ஒன்று காணாமல் போயிருக்கிறது, கண்டவர்கள் தகவல் சொல்லவும்." பிறகு ஒரு ஆண்குரல் படபடவென்று மீன் விலை சொன்னது. அன்று வஞ்சிரம் விலை ஏறியிருந்தது. ஜனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கன்றுக்குட்டி மறுநாள் காலையிலேயே கிடைத்துவிட்டது.

குரலுக்குச் சொந்தக்காரி அடைக்கலமேரி. அந்தக் கல்லூரியில் பௌதிகம் படிக்க வந்த முதல் பெண். முன்பெஞ்சு முழுவதும் அவளுக்கே விடப்பட்டிருந்தது, பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. அவளுடைய அப்பா அருள்பிரகாசம் திருவொற்றியூரில் டன்ஸ்டர் கம்பெனி கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் ஜெட்டியில் நீராவிக் கிரேன் ஓட்டினார். மேரியும் அவளோடு படித்த லோகநாதனும், புளியந்தோப்பு மில் தொழிலாளியின் பிள்ளை அவன், கல்லூரி மொட்டைமாடியில் காலியாகக் கிடந்த புறாக்கொட்டகையில் ஒரு வருஷம் முட்டி மோதி அந்த நிலையத்தைக் கட்டினார்கள். உடைக்க வந்த கப்பல்களிலிருந்து ரேடியோ வால்வு எடுத்தார்கள், பழைய டெலிபோனைப் பிரித்து மைக் செய்தார்கள். அந்த யந்திரத்துக்கு இருந்த சக்திக்கு பேச்சு தெருவின் எதிர்ச் சாரியைக் கூடத் தாண்டியிருக்க முடியாது. அந்த வட்டாரத்திலேயே ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் இரண்டு பேர்தான். அவர்கள் இருவருக்கும் கரகரப்பைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இரும்புக்குக் கேட்டது. பௌதிகப் பேராசிரியர் அதைக் கடற்காற்றின் ஈரம் என்று சொல்லிவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போனார்.

முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அருள்பிரகாசம் சட்டையைக் கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டார்.

"இன்னா மேரி, உன் கொரலு கிரேன்ல கேக்குது?"

"நல்லா கேட்டுச்சா நைனா?"

"பாய்லர் சத்தத்துக்கு மேல கேட்டுச்சு. உன் தோஸ்து லோகநாதன் கையில சொல்லு, நிதானமா பேசச் சொல்லு. மெயில் வண்டி போறாப்ல பேசறான்."

மேரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில் வயிறு நிறைந்திருந்தது. அதன் பிறகு தினமும் மாலையில் ஒலிபரப்பு நடந்தது. மாணவர்கள் கடல் ஏற்றம் சொன்னார்கள், மீன் விலை சொன்னார்கள், சினிமா பேச ஆரம்பித்தது நல்லதா கெட்டதா என்று வாதாடினார்கள். பொதுக் குழாயில் யார் தண்ணீர் பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது என்று தெருவுக்குத் தெரு நடந்துகொண்டிருந்ததை லோகநாதன் ஒரு வாரம் முழுக்கப் பேசினான். அதையும் அந்தக் குழாய்களே பேசின. பேசுகிற குழாயின் முன்னால் நின்று ஒருவனை விலகிப் போ என்று சொல்ல யாருக்கும் கூச்சமாக இருந்தது. கொட்டகையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. என்ன பேசுவது என்பதைப் படிக்கிற பிள்ளைகள் கை தூக்கி முடிவு செய்வார்கள். வாத்தியாருக்கும் பாதிரியாருக்கும் தர்மகர்த்தாவுக்கும் அங்கே கை கிடையாது.

சங்கடம் புயல் கூண்டில் ஆரம்பித்தது. புயல் வருகிறது என்றால் துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏற்றுவார்கள். கல்லூரியிலிருந்து பார்த்தால் கூண்டு தெரியும். திருவொற்றியூர் ஜெட்டியிலிருந்து தெரியாது. அடுத்த வருஷம் ஐப்பசியில் கூண்டு ஏறியதை மாணவர்கள் சொன்னதும், ஜெட்டி ஆட்கள் உப்பு மூட்டையைப் போட்டது போட்டபடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். புயல் திசை மாறி எங்கேயோ போனது. டன்ஸ்டர் துரையின் கப்பல் பாதிச் சரக்கோடு நின்றது. துரை மறுநாளே குதிரை வண்டியில் கல்லூரிக்கு வந்து இறங்கினார்.

கல்லூரி முதல்வர் ஃபாதர் ரெமி நல்ல மனிதர்தான். ஆனால் அவர் அறைக் கூரை ஒழுகிற்று, நூலகக் கூரை ஒழுகிற்று, கோயில் கூரையும் ஒழுகிற்று. துரை எல்லாக் கூரையையும் மாற்றித் தருவதாகச் சொன்னார். சீமையிலிருந்து புது யந்திரமும், தேக்கு மரத்தில் புது அறையும் வரும். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். பேசுகிற ஆளும் பேச்சும் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். பிள்ளைகள் படிக்கட்டும், பாவம், அவர்களுக்கு எதற்கு இந்தப் பாரம் என்றார். அப்போது மேஜை மேல் ஒரு சொட்டு விழுந்தது. ஃபாதர் ரெமி சம்மதித்துவிட்டார்.

கம்பெனி கொண்டுவந்த ஆள் ஜெயக்கொடி, நாடகங்களில் ராஜா வேஷம் கட்டுகிறவர். அவர் மேடையில் மூச்சு விட்டாலே பின்வரிசை வரைக்கும் கேட்கும். புது யந்திரத்தின் முன்னால் நின்று, "கடல் அமைதியாக இருக்கிறது, உழைப்பவனுக்கு உயர்வு உண்டு" என்று அவர் கணீரென்று சொன்னார். தெருவில் ஒரு ஆணி கூட முனகவில்லை. மாறாக, மைக்குக்குக் கீழே சிவப்பாக ஏதோ கொட்டியது. தொட்டுப் பார்த்தார்கள், துரு. அவர் ஒவ்வொரு வாக்கியம் பேசும்போதும் ஒரு பிடி துரு விழுந்தது. ஒரு வாரத்தில் கல்லூரிப் பியூன் கூடை கூடையாக அள்ளிக் கொண்டுபோய்ச் சமையல்கட்டுக்குப் பின்னால் கொட்ட, அங்கே இருந்த முருங்கை பூக்காமல் நின்றுபோனது. ஜெயக்கொடிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மன்னிக்கணும் துரை, இந்த சபை நமக்கு ஒத்து வராது" என்று கும்பிட்டுப் போனார்.

துரை யோசித்தார். இரும்புக்குப் பழகிய குரல்தான் வேண்டும்போலும். அவர் மேரியை வரச்சொல்லி, எழுதிக் கொண்டுவந்ததைக் கையில் கொடுத்தார். மிரட்டவெல்லாம் இல்லை. அருள்பிரகாசத்துக்கு வயதாகிறது, கிரேன் ஓட்டச் சின்ன வயசு ஆட்கள் வாசலில் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

மேரி வீட்டுக்குப் போய்க் கேட்கவும் இல்லை, லோகநாதனிடமும் சொல்லவில்லை. அப்பாவின் உள்ளங்கைக் காய்ப்பு அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. மாலையில் மைக் முன்னால் நின்று, "இன்று கடல் அமைதியாக" என்று ஆரம்பித்தாள். நாக்கில் ரத்தம் போல ஒரு ருசி. வாயிலிருந்து துரு கொட்டி, வெள்ளைத் தாவணியின் முன்பக்கம் முழுக்கச் சிவந்துவிட்டது. காகிதத்தைக் கீழே வைத்தாள். "என்னால முடியாது சார். இது என் பேச்சு இல்ல" என்றாள். துரை கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். வாதாடப் போன மாணவர்களை ஃபாதர் ரெமி கல்லூரி வாசலுக்கு வெளியே அனுப்பி, பெரிய இரும்புக் கேட்டையும் சாத்தச் சொன்னார். கோபம் ஆறியதும் உள்ளே வரலாம் என்றார்.

அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதபோது அருள்பிரகாசம் தாவணியைத்தான் பார்த்தார். "வேல போனா போவுது. நாளைக்கு உன் கொரல காணோமேன்னு கிரேன் கேட்டா நான் இன்னாத்த சொல்லுவேன்?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் வழக்கம்போல ஜெட்டிக்குப் போனார். வேலை இன்னும் போகவில்லை.

கார்த்திகை பிறந்த மூன்றாம் வாரம், மத்தியானமே வானம் செம்பு நிறமாகியது. துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏறிற்று, போன தடவையை விடப் பெரிய கூண்டு. இன்னும் உள்ளே போகாமல் கல்லூரி வாசலில் நின்றிருந்த மாணவர்கள் அதைப் பார்த்தார்கள். டன்ஸ்டர் ஜெட்டியிலோ இரண்டு கப்பலுக்கு ஒரே நேரத்தில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் திருவொற்றியூர் சாலையில் அதற்குள் தென்னை சாய்ந்து வழியை மறித்துவிட்டது.

"மெஷின் மேல கீது, நாம கீழ கீறோம்" என்று லோகநாதன் தலையில் கை வைத்தான்.

மேரி கேட்டின் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். "ஃபாதர்! கூண்டு ஏத்திட்டாங்க! தொறங்க ஃபாதர்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மாடியில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால், டிராம் தண்டவாளம் அதே வார்த்தைகளை அதே கோபத்தோடு சொல்லிற்று. எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் சொல்லிற்று. தூரத்தில் ரயில் பாலம் சொல்லிற்று.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யந்திரமே தேவையில்லை! அத்தனை நாளும் இரும்பு கேட்டுக்கொண்டிருந்தது வால்வை அல்ல, அவர்களைத்தான். லோகநாதன் குதித்த குதியில் செருப்பு ஒன்று சாக்கடையில் விழுந்தது. ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். என்ன சொல்வது என்று கை தூக்கக் கூட நேரமில்லை. மேரி வாயைக் கம்பியோடு ஒட்டவைத்தாள். ரேடியோவில் பேசும் சுத்தத் தமிழ் அவளுக்கு அப்போது வரவில்லை.

"நைனா! எறங்கு! கிரேன வுட்டு எறங்கு நைனா! பெரிய கூண்டு ஏத்திகீறாங்க!"

அன்றைக்கு ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் மகளைப் பெற்ற அப்பன்மார் எல்லாரும், எதன் மேல் இருந்தார்களோ அதிலிருந்து இறங்கினார்கள். பனை ஏறியவர் பாதியில் இறங்கினார். கூரை வேய்ந்துகொண்டிருந்தவர் இறங்கினார். டிராம் டிரைவர் இறங்கினார், பயணிகள் திகைத்து அவர் பின்னால் இறங்கினார்கள். கட்டுமரக்காரர்கள் தூண்டில் முள் பேசியதைக் கேட்டுக் கரைக்குத் திரும்பினார்கள். எண்ணூர் உப்பளத்து ஆட்கள் மண்வெட்டி சொன்னபடி மேட்டுக்குப் போனார்கள். டன்ஸ்டர் ஜெட்டியில் மேஸ்திரி விசில் ஊதி ஆட்களை நிறுத்தப் பார்த்தார். அவருக்கு இரண்டு பெண்கள். தகர விசிலும் "எறங்கு நைனா" என்றுதான் ஊதிற்று. அவரும் ஓடினார்.

இருட்டுவதற்குள் கடல் எழுந்து வந்து ஜெட்டியைப் பெயர்த்துக்கொண்டு போனது. கிரேன் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனது. சரக்குத் தோணிகள் மறுநாள் ஊருக்குள் தேரடிக்குப் பக்கத்தில் கிடந்தன. ஜெட்டியில் வேலை செய்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அருள்பிரகாசம் நனைந்த கோழி மாதிரி கல்லூரி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மேரி இன்னும் கம்பியை விடாமல் கத்திக்கொண்டிருந்தாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "எறங்கிட்டேன்மா, எறங்கிட்டேன். போதும்" என்றார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

டன்ஸ்டர் துரை காக்கிநாடா பக்கம் போய்விட்டார். அருள்பிரகாசத்துக்கு ரயில்வே பணிமனையில் இடம் கிடைத்தது. ஃபாதர் ரெமி மாடிக் கொட்டகையைத் திறந்துவிட்டதோடு, கேட்டையும் இனிச் சாத்த வேண்டாம் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜெபம் சொல்லலாமா என்று கேட்டார். பிள்ளைகள் கை தூக்கிப் பார்த்து, கூடாது என்று முடிவெடுத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒலிபரப்பு அதன் பிறகும் கேட்டுக் கம்பியிலிருந்தே நடந்தது. சர்க்காரிலிருந்து லைசென்ஸ் அதிகாரிகள் வந்து கேட்டைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, நிலையம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். எழுதும்போது அவர்களுடைய பேனா முள் அன்றைய மீன் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மேரியின் கடைசிப் பரீட்சை பங்குனியில் முடிந்தது. மறுநாளும் அவள் வழக்கமான நேரத்துக்கு வந்து கம்பியைப் பிடித்து, "இன்று மாலை கடல்" என்றாள். தெரு சும்மா இருந்தது. உதட்டோரம் கொஞ்சம் துரு ஒட்டிற்று. அவள் இனி மாணவி இல்லை. லோகநாதனும் பேசிப் பார்த்துவிட்டுத் துப்பினான். அவனுக்கும் துருதான்.

பிள்ளைகள் அடுத்துத் தேர்ந்தெடுத்தது வியாசர்பாடியிலிருந்து வந்த சொக்கம்மாள் என்ற முதல் வருஷக்காரியை. வெடுக்கென்று பேசுகிறவள், வீட்டில் பேசுவதைத்தான் ரேடியோவிலும் பேசினாள். மேரிக்குப் பொறுக்கவில்லை. சுத்தமாகப் பேசுவதற்குத் தானே எழுதித் தருகிறேன் என்று போய் நின்றாள்.

"அக்கா, நீ எழுதிக் குட்த்தா துரு கொட்டிப் பூடும்க்கா" என்றாள் சொக்கம்மாள், கொஞ்சமும் மரியாதைக் குறைவில்லாமல்.

மேரிக்கு முகம் சுருங்கிப்போனது. இரண்டு தெரு நடந்த பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வீடு போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே போனாள், எதிரே வந்தவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

அவள் திருவொற்றியூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள். 1938-ல் சர்க்கார் பட்டணத்தில் சொந்தமாக ஒலிபரப்பு தொடங்கியது, வசதியுள்ளவர்கள் ரேடியோப் பெட்டி வாங்கினார்கள். ராயபுரத்துக்கு வடக்கே யாரும் அவசரப்படவில்லை. அந்த வருஷம் மயிலாப்பூரிலிருந்து புதிதாக வந்த ஸ்கூல் இன்ஸ்பெக்டர் ஒருவர் மாலை கடைசி மணியில் மேரியின் வகுப்பில் பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தபோது, ஜன்னல் கம்பிகள் நாலும் சேர்ந்து, "தண்ணி ஏறிகினு கீது, கட்டுமரத்த மேல இஸ்துப் போடுங்க" என்றன. இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார்.

"யாரது?" என்றார்.

"காலேஜ் பிள்ளைங்க, ஐயா. கொஞ்சம் இருங்க, அடுத்து மழை சொல்லுவாங்க" என்றாள் மேரி.

அவர் உட்கார்ந்தார். மழை இல்லை என்று கம்பிகள் சொல்லி முடித்தபின், வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து கேட்டார்.