ஏழாவது தோட்டாவின் உட்புறம்

கார்லண்டுக்குக் கண் மங்கி இரண்டு வருடமாகிறது. கண்ணாடி மாற்றச் சொன்னால் கண்ணாடிதான் பழசு, கண் நன்றாக இருக்கிறது என்பார். நாற்பது வருடக் குடித்தனத்தில் இந்த மனிதரோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. அதனால் வாதாடாமல் வேறு வழி பார்த்துக்கொண்டேன்.

வேட்டைத் துப்பாக்கிக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர் அவர். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடுகளை அச்சில் திணித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர, முதலில் மெழுகெண்ணெய் பூச வேண்டும். பூசாவிட்டால் கூடு அச்சிலேயே இறுகிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்தப் பிசுக்கை உள்ளும் புறமும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். கூட்டின் கழுத்துக்குள் கொஞ்சம் தங்கினாலும் வெடிமருந்து நமுத்துப்போகும்; விசையை இழுத்தால் வெடிக்காமலே போகலாம். கார்லண்டின் கண்ணுக்கு அந்தப் பிசுக்குத் தெரிவதில்லை. காலை பத்து மணிக்கு அவர் காபிக்கடைக்குப் போனதும் நான் கராஜுக்குள் நுழைந்து, ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிரஷ் விட்டுத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். திரும்பி வந்து மருந்து நிரப்புவார். அவருக்கு எதுவும் தெரியாது.

போன வியாழக்கிழமை அவர் காபிக்குப் போகவில்லை. நான் சர்ச் விருந்துக்குச் சமைக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் இருபது தோட்டாக்களை நிரப்பிப் பெட்டியில் அடுக்கியிருந்தார்.

சனிக்கிழமை மதியம் மகள் டெலியா வந்தாள். எல்க் மான் வேட்டைக்குத் தனியாகக் கிளம்புகிறாள், கரடி நடமாடும் மலைக்கு. எங்கள் பக்கத்தில் ஒருவர் நிரப்பிய தோட்டாவை வெளி ஆள் சுடமாட்டார். சொந்தக் கை, இல்லை சொந்த வீட்டுக் கை. அவள் பிறந்ததிலிருந்து அவளுக்கு அப்பா கைதான்.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். விரலில் பிசுக்கு ஒட்டியது. வெளியே துடைக்காதவர் உள்ளே துடைத்திருப்பாரா?

"கடைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கயேன், டெலியா."

"நல்லா சொன்னே போ. அப்பா என் பேரையே மாத்திடுவார்."

"மாத்தாம?" என்றார் கார்லண்ட். "கடைத் தோட்டாவைக் கண்ணால பாத்திருக்காளா என் பொண்ணு?"

அவள் சிரித்தபடி பெட்டியைப் பைக்குள் வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதை எடுத்துட்டுப் போகாதே. அதை நான் பாக்கல."

"நீ எதுக்குப் பாக்கணும்?" என்றார் அவர்.

சொல்லிவிட்டேன். பத்து மணி, காபிக்கடை, பிரஷ், இரண்டு வருடம், எல்லாவற்றையும். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். குண்டு பிடுங்கும் சுத்தியலை எடுத்தார். ஒவ்வொரு தோட்டாவாக அதில் மாட்டித் தரையில் தட்டினார். முதல் ஆறும் சுத்தம். குண்டு கழன்றதும் மருந்து மணல்போலக் கொட்டியது. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஏழாவதில் பாதி மருந்துதான் விழுந்தது. மீதி உள்சுவரில் கட்டியாக அப்பியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே இந்த வேலையை விட்டிருப்பேன், வெர்னா. உனக்கும் வயசாகுதுல்ல. நீ ஒண்ணைக் கவனிக்காம விட்டிருந்தா?"

"உங்க மனசு நோகுமேன்னு..."

"என் மனசு," என்றார். சுத்தியலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

டெலியா அந்தக் கூட்டை எடுத்து உள்ளே பார்த்தாள்.

"போன வருஷமும் அப்பா நிரப்பினதைத்தான் எடுத்துட்டு மலைக்குப் போனேன். அவருக்குக் கண் சரியில்லைன்னு அப்பவே உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்," என்றேன்.